ஊற்று அரசுடையது, தொட்டி யாருக்கு? ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயருக்கு அர்த்தமே வெந்நீர் ஊற்றுகள்தான். ஊரின் நடுவில் சென்ட்ரல் அவென்யூ என்ற தெரு. அதன் கிழக்குப் பக்கம் எட்டுக் குளியல் மாளிகைகள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. அந்த வரிசை மத்திய அரசின் நிலம், இன்று தேசியப் பூங்கா. தெருவைத் தாண்டி மேற்குப் பக்கம் வந்தால் ஹோட்டல், கடை, மதுக்கூடம் எல்லாம் தனியார் நிலம். தெருவுக்கு அடியில் ஓர் ஓடை ஓடுகிறது. ஊர்க் கழிவெல்லாம் கலந்து நாறிக்கொண்டிருந்த அந்த ஓடையை 1880களில் கல் வளைவு கட்டி மூடி, மேலே சாலை போட்டார்கள்.

கனிம நீர் ஊற்றைச் சுற்றி எழுந்த ஊர்கள் உலகத்தில் நிறைய உண்டு. இங்கிலாந்தின் பாத், பிரான்சின் விஷி, செக் நாட்டின் கார்லோவி வாரி என்று அடுக்கலாம். அவற்றில் பலவற்றின் வரலாறு யார் யார் வந்து குளித்தார்கள் என்பதிலேயே முடிந்துவிடுகிறது: ராஜாக்கள், கவிஞர்கள், பணக்காரர்கள். ஹாட் ஸ்பிரிங்ஸை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. இங்கே ஊற்று ஆரம்பத்திலேயே அரசின் கைக்கு வந்துவிட்டது. ஏழைக்கு இலவசக் குளியல் என்று சட்டமே இருந்தது. அப்படியிருந்தும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வந்தவர்களைக் குளிப்பாட்டி, துடைத்துவிட்ட மக்களுக்கு அந்தத் தொட்டியில் இறங்க உரிமை இல்லை. அது எப்படி நடந்தது, அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம்.

முதலில் தண்ணீரைப் பற்றி

ஹாட் ஸ்பிரிங்ஸ் மலையின் மேற்கு அடிவாரத்தில் 47 ஊற்றுகள் கணக்கில் இருக்கின்றன. சராசரி வெப்பம் 62 டிகிரி செல்சியஸ். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 26 லட்சம் லிட்டர் தருகின்றன. பக்கத்தில் எரிமலை எதுவும் கிடையாது. சுற்றியுள்ள குன்றுகளில் பெய்யும் மழை, விரிசல் விட்ட பாறைகள் வழியாக மெல்ல மெல்ல இறங்குகிறது. ஒன்றரை கிலோமீட்டருக்கும் கீழே போகும்போது பூமியின் இயல்பான சூடே அதைக் காய்ச்சிவிடுகிறது. அப்புறம் ஒரு பிளவு கிடைத்ததும், ஆறுவதற்குள் விறுவிறுவென்று மேலே வந்துவிடுகிறது. கார்பன் முறையில் அளந்து பார்த்தபோது இந்த நீரின் வயது சுமார் 4,400 ஆண்டுகள் என்று தெரிந்தது.

வெந்நீர் ஊற்று என்றாலே கந்தக நாற்றம் இருக்கும் என்று நினைப்போம். இங்கே அது இல்லை. சிலிக்காவும் கால்சியமும் கொஞ்சம் கரைந்த, வாடை இல்லாத, குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீர். 1904இல் யேல் பல்கலைக்கழகத்தின் பெர்ட்ராம் போல்ட்வுட் இதைச் சோதித்து, லேசான கதிரியக்கம் இருப்பதைக் கண்டார். கதிரியக்கம் என்றால் ஆரோக்கியம் என்று மக்கள் நம்பிய காலம் அது. அதுவும் விளம்பரத்துக்குப் பயன்பட்டது.

நிலம் கைமாறிய விதம்

இந்தக் குன்றுகளில் நோவாகுலைட் என்ற சாணைக்கல் கிடைக்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பூர்வகுடி மக்கள் அதை வெட்டியெடுத்து ஈட்டிமுனை செய்தார்கள். வெவ்வேறு இனத்தார் சண்டையை மறந்து ஒன்றாகக் குளித்த 'சமாதானப் பள்ளத்தாக்கு' இது என்று சுற்றுலாக்காரர்களிடம் ஒரு கதை சொல்வது வழக்கம். அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் உள்ளது 1818ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குத்தான். அந்த ஆகஸ்டில் குவாபா இன மக்கள் இந்த ஊற்றுகளையும் சேர்த்து மிகப் பெரிய நிலப்பரப்பை அமெரிக்க அரசிடம் விட்டுக்கொடுத்தார்கள். கைக்கு வந்தது 4,000 டாலர் மதிப்புள்ள சாமான்களும் ஆண்டுக்கு 1,000 டாலரும். சில ஆண்டுகளில் மிச்ச நிலமும் போயிற்று. இன்று அவர்களின் தலைமையிடம் ஒக்லஹோமாவில் இருக்கிறது. சென்ட்ரல் அவென்யூவில் 1922இல் கட்டிய ஒரு குளியல் மாளிகைக்குக் 'குவாபா' என்று பெயர் வைத்தார்கள். அந்த மக்களிடமிருந்து இந்தத் தெருவில் மிஞ்சியது அந்தப் பெயர்தான்.

ஒப்பந்தத்துக்கு முன்பே நோயாளிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். 1804இன் கடைசியில் அதிபர் ஜெபர்சன் அனுப்பிய வில்லியம் டன்பாரும் ஜார்ஜ் ஹண்டரும் இங்கே வந்தபோது, திறந்த மரக்குடிசை ஒன்றும் பலகைக் குச்சில்கள் சிலவும் இருந்தன. கோடையில் வந்து தங்கிக் குளித்துப் போகிறவர்கள் கட்டியவை.

1832 ஏப்ரல் 20ஆம் தேதி நாடாளுமன்றச் சட்டம் ஒன்று, ஊற்றுகளையும் சுற்றியுள்ள நான்கு சதுர மைல் நிலத்தையும் அரசுக்கென்று ஒதுக்கியது. யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு 40 ஆண்டுகள் முந்தைய சட்டம் இது. இதை வைத்து 'அமெரிக்காவின் முதல் பூங்கா' என்று பெருமை பேசுவதுண்டு. ஆனால் சட்டத்தில் 'பொதுமக்கள்' என்ற சொல்லே இல்லை. பின்னால் என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொள்வோம், இப்போதைக்கு யாருக்கும் விற்கவேண்டாம் என்ற அளவில்தான் அதன் வாசகம் இருந்தது. எல்லைக்கல் நடவில்லை. பொறுப்பாக ஓர் அதிகாரியையும் போடவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஊரே முளைத்தது.

பெல்டிங் குடும்பம், முன்பே குடியேறியிருந்த பெர்சிஃபுல் என்பவரிடமிருந்து உரிமை பெற்ற ஹேல், ரெக்டர் என்று மூன்று தரப்பும் 'ஊற்று என்னுடையது' என்று வழக்காடின. இதில் ஹென்றி ரெக்டர் லேசான ஆள் இல்லை. உள்நாட்டுப் போர் தொடங்கியபோது மாநில ஆளுநரே அவர்தான். 1862இல் எதிர்ப்படை தலைநகரை நெருங்கியபோது, அரசாங்க ஆவணங்களோடு சில வாரங்கள் இந்த ஊருக்கே வந்து உட்கார்ந்தார். கடைசியில் 1876இல் உச்ச நீதிமன்றம் மூன்று தரப்பையும் தள்ளிவிட்டு, நிலம் அரசுக்கே என்று தீர்ப்புச் சொன்னது. 1818 வரை இது பூர்வகுடிகளின் நிலமாக இருந்ததால், அதற்கு முன் குடியேறியதாகச் சொல்லி யாரும் உரிமை கோர முடியாது என்பது தீர்ப்பின் முக்கியமான நியாயங்களில் ஒன்று. குவாபா மக்களின் உரிமையைக் காட்டித்தான் அரசு ஜெயித்தது. அவர்களுக்கு அதனால் எதுவும் கிடைக்கவில்லை.

சேற்றுக்குழியில் குளித்தவர்கள்

மலைச்சரிவில் ஒரு குழி இருந்தது. 'ரால் ஹோல்' என்பார்கள். நியூரால்ஜியா என்ற நரம்புவலியின் பெயரைச் சுருக்கி வைத்தது. குளியலகத்துக்குக் காசு கொடுக்க முடியாத நோயாளிகள் அதில் இறங்கி உட்கார்ந்திருப்பார்கள். சுற்றிலும் கந்தல் கூடாரம், பலகைக் குடிசை. அந்தக் குடியிருப்புக்கு 'ரால் சிட்டி' என்று பெயர். முடக்குவாதக்காரர், புண் ஆறாதவர், டாக்டர் கைவிட்டவர் என்று நாட்டின் எங்கெங்கிருந்தோ, சிலர் நடந்தே, வந்து சேர்ந்திருந்தார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு 1877இல் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. மலையும் ஊற்றுகளும் நிரந்தரமாக அரசுக்கு, மிச்சத்தை மனை போட்டு விற்பது என்று முடிவாயிற்று. முதல் கண்காணிப்பாளராக வந்த பெஞ்சமின் கெல்லி, மலைச்சரிவை ஒழுங்குபடுத்தக் கிளம்பினார். ரால் சிட்டியைக் காலி செய்யச் சொன்னார். எங்களை விரட்டினால் எங்கே போவோம் என்று அந்த நோயாளிகள் எதிர்த்து நின்றார்கள். 1878 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: வசதி இல்லாதவர்களுக்கு அரசே இலவசக் குளியல் தரவேண்டும். சேற்றுக்குழியின் மேலேயே ஒரு கொட்டகை எழும்பியது. 1891இல் அது செங்கல் கட்டடம் ஆனது. 1832 சட்டத்தில் இல்லாத 'பொது' என்ற அர்த்தத்தை ஊற்றுக்குக் கொண்டுவந்தவர்கள் இந்தச் சேற்றில் கிடந்த நோயாளிகள்தான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் இலவசக் குளியலுக்கும் விலை வந்தது. பின்னாளில், எனக்கு எந்த வசதியும் இல்லை என்று உறுதிமொழி எடுத்தால்தான் சீட்டு கிடைக்கும் என்றாயிற்று.

ஒரு குளியல், நெருங்கிப் பார்த்தால்

ரயில் வந்தபின் ஊர் வேறு மாதிரி ஆயிற்று. 'டயமண்ட் ஜோ' ரெனால்ட்ஸ் என்ற கப்பல் தொழில்காரர் வாதத்துக்காக இங்கே வந்தபோது, மால்வர்ன் ஊரிலிருந்து குதிரை வண்டியில் குலுங்கி வந்த வேதனை தாங்காமல், 1870களின் நடுவில் தன் காசிலேயே ஒரு குறுகிய ரயில்பாதை போட்டுவிட்டார். மரக் குளியலகங்கள் போய்ச் செங்கல், சலவைக்கல், வண்ணக்கண்ணாடி வந்தன. 1892இல் ஹேல், 1912இல் மாரிஸும் பக்ஸ்டாஃபும், 1915இல் ஃபோர்டைஸ், 1916இல் சுப்பீரியர், 1922இல் குவாபாவும் ஓசார்க்கும், 1923இல் லமார்.

ஃபோர்டைஸுக்கு மட்டும் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் செலவானது. ஆண்கள் குளிக்கும் கூடத்தின் நடுவில் சிலை, மேலே வண்ணக்கண்ணாடிக் கூரை. மாடியில் உடற்பயிற்சிக் கூடம், நிலவறையில் பௌலிங். பெண்கள் கூடம் ஆண்கள் கூடத்தைவிடச் சின்னது.

வந்தவர் சாமான்களைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுத் துண்டோடு நிற்பார். குளிப்பாட்டும் ஆள் ஒருவர் அவரைக் கூட்டிப்போய்த் தொட்டியில் உட்காரவைப்பார். நீர் உடம்புச்சூட்டைவிடச் சற்றுக் கூடுதல், 20 நிமிடம் வரை. நாரினால் கை, கால், முதுகு தேய்த்துவிட்டு, குடிக்க ஊற்று நீரைச் சுடச்சுடக் கோப்பையில் தருவார். பிறகு ஆவிப் பெட்டி. அதற்கப்புறம் இடுப்பு மட்டும் நனையும்படி ஒரு சின்னத் தொட்டி. வலிக்கிற இடத்தில் வெந்நீரில் பிழிந்த துணிக்கட்டு. பக்கவாட்டிலிருந்து ஊசியாய்க் குத்தும் ஷவர். கடைசியில் படுக்கவைத்துத் துணி போர்த்தி ஆறவிடுவது. ஒரு சிகிச்சைச் சுற்று என்றால் 21 குளியல். மூன்று வாரம் இந்த ஆள் கையில்தான் அந்த உடம்பு இருக்கும். நடக்க முடியாதவரைத் தூக்கி இறக்குவதும் இவர்தான். எந்த மூட்டு எப்போது வலிக்கும் என்று டாக்டரைவிட இவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இந்த வேலையில் ஆணும் பெண்ணுமாகப் பெரும்பாலானவர்கள் கருப்பினத்தவர். அடிமைமுறை ஒழிந்த தலைமுறைக்கும் அதன் பிள்ளைகளுக்கும் பருத்தி வயலை விட்டு வெளியேற இந்த ஊர் ஒரு வழி கொடுத்தது. டிப்ஸ் கிடைத்தது. ஆனால் தெருவின் கிழக்குப் பக்கத்து மாளிகைகளில் வாடிக்கையாளராக உள்ளே வர அவர்களுக்கு இடமில்லை. முற்காலத்தில், வெள்ளையர் வராத நேரம் பார்த்து ஒருசில குளியலகங்கள் அவர்களை அனுமதித்ததுண்டு. அரசு நிலம், அரசு நீர், அரசிடம் குத்தகை எடுத்த கட்டடம். பிரித்து வைத்தது மாநிலத்தின் இனப் பாகுபாடும் ஊர் வழக்கமும். மத்திய அரசு அதைப் பார்த்துக்கொண்டு இருந்தது. இலவசக் குளியலகத்தின் உள்ளேயும் அதே பிரிவினை நடந்தது.

இதற்கு மேல் பாதரச வேலை வேறு. மேகநோய் என்று நம் பக்கம் சொல்லும் சிஃபிலிஸுக்கு அப்போது முக்கியமான மருந்து பாதரசக் களிம்பு. குளியல் முடித்து வருபவரின் தோலில் அதை அழுத்தித் தேய்க்க வேண்டும். ஃபோர்டைஸில் அதற்கென்றே ஒரு தனி அறை இருந்தது. தேய்க்கிறவரின் உள்ளங்கையில் நாள்தோறும் பாதரசம்.

மால்வர்ன் அவென்யூ

சென்ட்ரல் அவென்யூவிலிருந்து தென்கிழக்கே பிரியும் மால்வர்ன் அவென்யூ கருப்பின மக்களின் கடைத்தெரு. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் இதுதான். ஹாட் ஸ்பிரிங்ஸைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கொள்ளைக்கூட்டத் தலைவன் அல் கபோன் தங்கிய ஹோட்டல் அறைக்குக் கிடைத்த இடம்கூட இந்தத் தெருவுக்குக் கிடைக்கவில்லை.

1904இல் இங்கே கிரிஸ்டல் குளியலகம் திறந்தது. கருப்பின வாடிக்கையாளர்களுக்கென்றே எழுந்தது. 1913 செப்டம்பரில் ஊரின் ஒரு பெரிய பகுதியை விழுங்கிய தீயில் அது சாம்பலானது. அடுத்த ஆண்டே, நைட்ஸ் ஆஃப் பித்தியாஸ் என்ற கருப்பினச் சகோதர சங்கம் இன்னொரு குளியலகத்தைத் திறந்தது.

பிறகு வந்தது உட்மென் ஆஃப் யூனியன். இதுவும் ஒரு சகோதர சங்கம்தான். உறுப்பினர்களிடம் சிறுசிறு தொகை வசூலித்து, நோய்க்கும் சாவுக்கும் காப்பீடு தருவது அதன் வேலை. வெள்ளையர் கம்பெனிகள் கருப்பினத்தவருக்குச் சரியாகக் காப்பீடு தராத காலத்தில், இப்படிப்பட்ட சங்கங்களே அவர்களுக்கு வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம். அதன் தலைவர் ஜான் வெப் கட்டட ஒப்பந்தக்காரராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1920களின் தொடக்கத்தில் மால்வர்ன் அவென்யூவில் அவர் எழுப்பிய கட்டடத்தில் ஹோட்டல், குளியலகம், ஆஸ்பத்திரி, செவிலியர் பயிற்சி, பெரிய அரங்கம், வங்கி, அச்சகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. சென்ட்ரல் அவென்யூவில் குளிப்பதற்கு ஒரு வாசல், தங்குவதற்கு வேறொரு வாசல், மருத்துவத்துக்கு இன்னொரு வாசல். அந்த வாசல்கள் கருப்பினத்தவருக்குத் திறக்காது என்பதால் இங்கே எல்லாவற்றையும் சேர்த்தே கட்ட வேண்டியிருந்தது. குளியலகத்துக்கு வந்த நீர் அதே மலையின் நீர், அரசிடம் குத்தகைக்கு வாங்கிக் குழாயில் கொண்டுவந்தது.

தெற்கு மாநிலங்கள் எங்கும் கருப்பினப் பயணிக்கு நல்ல ஹோட்டல் கிடைப்பது பெரும்பாடாக இருந்த காலம். ஆசிரியர்கள், பாதிரியார்கள், விளையாட்டு வீரர்கள், கவுண்ட் பேசி போன்ற இசைக்கலைஞர்கள் இங்கே வந்தார்கள். பகலில் சென்ட்ரல் அவென்யூவில் அடுத்தவர் முதுகைத் தேய்த்தவர், மாலையில் மால்வர்ன் அவென்யூவில் தன் முதுகைத் தொட்டியில் சாய்க்க முடிந்தது. 1940களின் கடைசியில் இந்தக் கட்டடத்தைத் தேசிய பாப்டிஸ்ட் சபை வாங்கி, ஹோட்டலையும் குளியலகத்தையும் தொடர்ந்து நடத்தியது.

நோயும் ஆராய்ச்சியும்

ஊர் வளர்ந்ததற்கு அடியில் இருந்தது மேகநோய்தான். வாதம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களில் பலருக்கும் உண்மையில் அதுதான். ரயிலிலேயே ஏறி நோயாளிகளைப் பிடித்துப் போலி டாக்டர்களிடம் சேர்க்கும் தரகர்களை ஒழிக்கவே அரசு பெரும்பாடு பட்டது. 1887இல் ராணுவத்துக்கும் கடற்படைக்கும் பொதுவான ஆஸ்பத்திரி மலையடிவாரத்தில் திறந்தது. 1921இல், ஊற்றுகள் இருந்த அரசு நிலம் தேசியப் பூங்கா ஆன அதே ஆண்டில், பொதுச் சுகாதாரத் துறை இலவசக் குளியலகத்தில் ஒரு பால்வினை நோய் மருத்துவமனையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதற்குப் புதுக் கட்டடம் வந்தது. காசில்லாத வெள்ளையர், கருப்பினத்தவர் இருவருக்கும் அங்கே சிகிச்சை நடந்தது. அன்றைய நிலையில் அது பெரிய காரியம்.

அதை நடத்திய ஆலிவர் வெங்கர், பத்தாண்டு கழித்து அலபாமாவின் டஸ்கீகியில் நடந்த ஆய்விலும் முக்கியப் பங்கு வகித்தார். கருப்பின ஆண்களுக்கு மேகநோய் இருப்பது தெரிந்தும் மருந்து கொடுக்காமல் 40 ஆண்டுகள் வேடிக்கை பார்த்த ஆய்வு அது. ஹாட் ஸ்பிரிங்ஸில் ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகளைப் பார்த்த அதே மனிதர் அங்கே எப்படி அப்படி நடந்துகொண்டார் என்பது எனக்கு இன்றும் மனதில் ஆறாத கேள்வி.

மேற்குப் பக்கம்

சூதாட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் மற்றவர்கள் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். மாநிலச் சட்டப்படி குற்றமான சூது, இங்கே தெருவோரம் பகிரங்கமாக நடந்தது. 1927 முதல் 1947 வரை மேயராக இருந்த லியோ மெக்லாஃப்லின் காலத்தில் அபராதம் என்ற பெயரில் வசூலான பணத்தில் நகராட்சி ஓடியது. நியூயார்க் ரவுடி ஓனி மேடன் இங்கேயே வந்து குடித்தனம் செய்தார். 1946இல் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் சிட் மெக்மாத் தலைமையில் தேர்தலில் நின்று அந்த ஆட்சியை ஆட்டம் காணவைத்தார்கள். சூதாட்டம் அப்போதும் முழுதாக ஒழியவில்லை. 1967இல் ஆளுநர் வின்த்ரப் ராக்ஃபெல்லர்தான் கடைசியாக மூடினார்.

தொட்டிகள் காலியானது

பெனிசிலின் வந்ததும் மேகநோய்க்காரர்கள் வருவது நின்றது. வாதத்துக்குப் புது மாத்திரைகள் வந்தன. மூன்று வாரம் ஒரே ஊரில் தங்கிக் குளிக்கும் பழக்கத்தைக் கார் பயணம் மாற்றிவிட்டது. இலவசக் குளியலகமும் 1950களில் நின்றது. 1962இல் முதலில் மூடியது, எல்லாவற்றிலும் ஆடம்பரமான ஃபோர்டைஸ். 1974இல் மாரிஸ், 1977இல் ஓசார்க், 1978இல் ஹேல், 1983இல் சுப்பீரியர், 1984இல் குவாபா, 1985இல் லமார். பக்ஸ்டாஃப் மட்டும் 1912 முதல் இன்றுவரை விடாமல் நடக்கிறது. நார், ஆவிப் பெட்டி, துணிக்கட்டு எல்லாம் அங்கே பழைய முறைப்படியே.

1964இன் சிவில் உரிமைச் சட்டம் கிழக்குப் பக்கத்து வாசல்களைத் திறந்துவிட்டது. உள்ளே நுழையும் உரிமை கிடைத்தபோது ஃபோர்டைஸ் ஏற்கெனவே மூடிக் கிடந்தது, மற்றவையும் தள்ளாடிக்கொண்டிருந்தன. அதே சமயம், இனி எங்கும் தங்கலாம் என்றானதும் மால்வர்ன் அவென்யூவின் ஹோட்டல் வாடிக்கையாளர்களை இழந்தது. 1980களின் தொடக்கத்தில் அதுவும் நின்றுபோனது. பாகுபாடு ஒழிந்ததில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் ஒரு சமூகம் நாலணா எட்டணாவாகச் சேர்த்துக் கட்டிய ஆஸ்பத்திரிக்கும் குளியலகத்துக்கும் அந்த மாற்றத்தில் யாரும் கைகொடுக்கவில்லை. கிழக்குப் பக்கத்து மாளிகைகள் அரசின் சொத்து என்பதால் காலியாகக் கிடந்தாலும் காப்பாற்ற ஆள் இருந்தது. 1987இல் அந்த வரிசை தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது, 1989இல் ஃபோர்டைஸ் அருங்காட்சியகமாகத் திறந்தது. அரசு நிலத்துக்கு வெளியே இருந்த மால்வர்ன் அவென்யூவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

இப்போது குவாபா மறுபடி குளியலகமாக இயங்குகிறது. சுப்பீரியரில் ஊற்று நீரில் பியர் காய்ச்சுகிறார்கள். ஹேல் ஒரு சின்ன ஹோட்டல். ஊற்றுகள் பெரும்பாலும் அழுக்குப் படாமலிருக்க மூடிப்போட்டுப் பூட்டியிருக்கின்றன. தெருவோரக் குழாய்களில் மட்டும் யார் வேண்டுமானாலும் கேனைக் கொண்டுவந்து, காசில்லாமல் பிடித்துப் போகலாம். உட்மென் கட்டடமும் மால்வர்ன் அவென்யூவில் இன்னும் நிற்கிறது. அதன் தொட்டிகளுக்குத்தான் தண்ணீர் வருவதில்லை.